இரவல் போன இடுப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடும் வேளைக்குச் சாப்பாட்டோடும் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி வருவதெல்லாம் கோபம், அதனால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

மாதாமாதம் என்னம்மா படிச்சே, எது பிடிச்சது, எது பிடிக்கலை என்று கேட்பாய், நானும் எழுதுவேன். இந்த மாதமும் ஆஸ்பத்திரிப் போர்வைக்குள்தான் புத்தகங்கள் கிடைத்தன. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் நோயாளிகள் தலையணைக்கு அடியில் விட்டுப் போவதை வார்டில் அப்படியே சுருட்டி எங்கள் சலவைக் கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். யாராவது கேட்டு வருவார்களா என்று ஜன்னல் கட்டையில் வைத்துப் பார்ப்போம், வரமாட்டார்கள், நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவேன். முதலில் ஒரு தடித்த நாவல். அதில் ஒரு பெரிய வீட்டு அம்மாள் ஜன்னலோரம் நின்று புத்தகம் முழுக்க யோசிக்கிறாள், அவள் யோசிக்கிற நேரத்தில் அந்த வீட்டைப் பெருக்குகிறவள் வந்து வந்து போகிறாள், அவளுக்கு வாய் இருக்கிறதா என்றுகூட எழுதினவர் பார்க்கவில்லை. பாதியில் மூடிவிட்டேன். அடுத்தது ஒரு துப்பறியும் கதை, கடைசிப் பக்கங்கள் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டன, கொலைகாரன் யாரென்று தெரியாது, அப்பா மட்டும் டாக்டர்தான் என்று சத்தியம் செய்கிறார். ரொம்பப் பிடித்தது எது தெரியுமா, தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிற கையேடு ஒன்று. சிரிக்காதே. எழுதினவர் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தவர். கை வைக்க முடியாத அளவு சூடானால் நிறுத்து, மூடியைத் திற, காற்றுப் படட்டும், ஆறின பிறகு ஓட்டு, ஆறாமல் ஓட்டி எரிந்துபோனால் அது உன் தப்பு, மோட்டாரின் தப்பு இல்லை என்கிறார். ஒரு இரும்புச் சாமானுக்காக ஒரு மனுஷர் இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறாரே என்று அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிடிக்காததற்கு வருகிறேன். அது போர்வைக்குள் வரவில்லை, கையில் கொடுத்தார்கள். எங்கள் கூடத்தில் இஸ்திரி உருளைக்கு மேலே சூட்டை வெளியே தள்ளுகிற ஃபேன் இரண்டும் நின்றுபோய் ரொம்ப நாளாகிறது. ஈரத் துணி உருளைக்குள் போனால் வருகிற ஆவி முழுக்க எங்கள் முகத்தில்தான். ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுகிறவளைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன், வேலை தொடங்கினதிலிருந்து முடிகிறவரை வாயை மூடமாட்டாள். அவள் போன மாதக் கடைசியில் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே பாதி தேய்த்த விரிப்போடு கீழே சரிந்துவிட்டாள். தலை உருளையில் படாமல் தரையில் பட்டது, அதைத்தான் நல்ல காலம் என்று சொல்லிக்கொண்டோம். எல்லோருமாக ஆபீஸுக்குப் போய் ஃபேனைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டோம், பார்க்கலாம் என்றார்கள். கொஞ்ச நாளில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. ஃபேன் வந்துவிட்டது என்று நினைத்து ரேடியோவே ஓடிப் போய்ப் பிரித்தாள். உள்ளே புத்தகம். களைப்பு ஒரு பழக்கம் என்று பெயர், ஆளுக்கு ஒன்று.

தினமும் டீ குடித்த கையோடு எங்களை வரிசையாக நிறுத்தி சூப்பர்வைசர் அதில் கொஞ்சம் வாசிப்பார். உடம்பு களைப்பதில்லையாம், மனசுதான் களைக்கிறதாம். ஒருநாள் வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். சிலர், என் இடுப்பை யாரோ இரவல் வாங்கிப் போனார்கள், இன்னும் திருப்பித் தரவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள், சோம்பல் இப்படித்தான் சிரித்துக்கொண்டே பேசும், ஏமாறாதீர்கள் என்று இருந்தது. அது நான் கூடத்தில் எப்போதும் சொல்கிற பேச்சாயிற்றே, அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னக்கா, உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டே எழுதின மாதிரி இருக்கு என்றாள் ஒருத்தி. பாத்தீங்களாம்மா, உங்க வியாதி உலகம் பூரா இருக்கு என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து, போன மாதம் நீ அனுப்பின மெத்தையில் படுத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். தமிழில் என்று போட்டு அதற்குக் கீழே உன் பெயர். பெரிய வேலை ஒன்று முடித்தேன், அந்தக் காசில் உனக்கு மெத்தை என்று சொன்னாயே, அது இதுதானா? எழுந்து போய்த் தரையில் படுத்துக்கொண்டேன். மூலத்தை எழுதின ஆள் வேறு என்னவோ சொல்லியிருப்பான். அதற்குத் தமிழில் என்ன போடலாம் என்று தேடினபோது உனக்கு என் வாய் ஞாபகம் வந்திருக்கிறது. நல்ல தமிழ்தான், உயிருள்ள தமிழ், அதனால்தான் எனக்கு எரிகிறது. அந்தப் பேச்சு ஏன் வந்தது என்று உனக்குத் தெரியாதா? செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல் நான் வாசலில் நிற்பேன், நீ பள்ளிக்கூடப் பையோடு ஓடி வந்து அம்மா அழுவுறியா என்பாய். உன்னைச் சிரிக்க வைக்கச் சொன்னதடி அது. அதை எடுத்து எந்த இடத்தில் வைத்திருக்கிறாய் பார். அப்பாவிடம் சொன்னால், விடு, அவ எழுதலேன்னா வேற ஒருத்தி எழுதியிருப்பா என்கிறார். வேற ஒருத்தி எழுதியிருந்தா வேற ஒருத்தியோட அம்மா பேச்சுல்ல வந்திருக்கும் என்றேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்.

போன சனிக்கிழமை கூட்டம் வைத்து, புத்தகத்தால் என்ன பலன் என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நான் மோட்டார் கையேட்டைக் கொண்டுபோய் அந்தச் சூடானால் நிறுத்து என்கிற இடத்தை வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், சூப்பர்வைசரும் சிரித்துவிட்டு, நல்ல ஜோக், இப்ப நம்ம புத்தகத்துக்கு வாங்க என்றார். வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு போனது அத்தனையும் மறந்துவிட்டது. அந்த இடுப்பு வரி என்னுடையது, என் மகள் எழுதினது, நான் சோம்பலில் சொன்னதில்லை என்று மட்டும் சொன்னேன், அதுவும் குரல் உடைந்து பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. விழுந்த நாளிலிருந்து வாயே திறக்காத ரேடியோதான் பேசினாள். உங்க பொண்ணு எழுதிச் சம்பாதிக்குது, நீங்க கோபப்பட்டுக்கலாம், இனிமே நாங்க உக்காரணும்னா இந்தப் பேச்சையில்ல கேட்டுக்கிட்டு உக்காரணும் என்றாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. இப்போது யாராவது மூட்டைமேல் கொஞ்சம் சாய்ந்தால் போதும், என்னம்மா, இடுப்பு இரவல் போயிடுச்சா என்று கேட்டுக்கொண்டே சூப்பர்வைசர் வருகிறார். கேட்டதும் சாய்ந்தவள் எழுந்துவிடுகிறாள். அவர் என் வார்த்தையைச் சொல்லித்தான் எழுப்புகிறார், உருளைக்கு முன்னால் நிற்கிற எனக்கு அது காதில் விழுகிறது. ஃபேன் இரண்டும் இன்னும் அப்படியேதான் நிற்கின்றன.

புத்தகம் மறுபடி அச்சாகப் போகிறது, கம்பெனிக்காரர்கள் மொத்தமாக வாங்குகிறார்கள் என்று போனில் சந்தோஷப்பட்டாய். அதற்கு முன்னால் அந்த வரியை எடு. பதிப்பகத்தில் முடியாது என்றால் உன் பெயரை எடுக்கச் சொல். அதுவும் முடியாது என்றால் எனக்கு விளக்கம் எழுதாதே, நீ எழுதினால் நான் சமாதானமாகிவிடுவேன், அந்த அளவுக்கு நீ நன்றாக எழுதுவாய். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வழக்கம்போலக் கூப்பிடு. போனை எடுத்ததும் அவள் கையில் கொடுத்துவிடுவேன். விழுந்ததில் அடிபட்ட அவள் நெற்றியில் இன்னும் வீக்கம் வடியவில்லை. களைப்பு ஒரு பழக்கம் என்று அவளிடம் நீயே உன் வாயால் சொல்.

நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் எரிந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படு, உனக்குச் சின்ன வயசிலிருந்தே கண்தான் பலவீனம். அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். ஞாயிறு காலை, மறக்காதே.

கோபம் தீராத,
உன் அம்மா