பாதிக் கிணறு

இன்று காலை தேத்தண்ணீர் உப்புக் கரித்தது. சீனிப் போத்தலைத் திறந்து நக்கிப் பார்த்தேன். சீனிதான். உப்பு கிணற்றுத் தண்ணீரில் இருந்தது. தேத்தண்ணீரை முற்றத்தில் வீசி ஊற்றிவிட்டு முதலில் உன்னைத்தான் திட்டினேன், சிநேகிதி. சரியாகச் சொன்னவள் செத்துப்போவாள், சிரித்தவள் இருந்து உப்புத் தேத்தண்ணீர் குடிப்பாள். என்ன நியாயமடி இது?

தமிழ்நாட்டு அகதி முகாமில் குடத்தோடு வரிசையில் நின்ற காலம் முழுவதும் நம் இருவருக்கும் ஒரே ஆசைதான், ஊருக்குப் போய் ஆசை தீரத் தண்ணீர் அள்ள வேண்டும். வரிசையில் நான் சண்டை பிடிக்கப் பழகினேன், நீ மோட்டர் திருத்தப் பழகினாய். மன்னாருக்குத் திரும்பி வந்தபோது நம் தெருவுக்கு ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறு. முதல் வருடம் அதில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் இறைக்க மோட்டர் பூட்டினாய். அடுத்த வருடம் இரண்டானது, பிறகு நாலு, பிறகு எட்டு. பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் பக்கத்திலேயே வீடு கட்டினார்கள். வீட்டுக்கு வீடு கூரைமேல் தண்ணீர்த் தாங்கி ஏறியது.

பதினாறாவது மோட்டரோடு நீ ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டாய். "இனி ஒண்டும் பூட்டமாட்டன்" என்றாய். உன் பிழைப்பில் நீயே மண் போடுகிறாய் என்று நான் சத்தம் போட்டேன்.

கோயில் கொடியேற்றத்துக்கு முதல் நாள் முடிச்சுக் கயிறு விட்டுக் கிணற்றை அளப்பது நம் தெரு வழக்கம். அந்த வருடம், போன வருடம்தான், கயிற்றைப் பிடித்தவள் நான். பத்து முடிச்சில் ஐந்து நனைந்திருந்தது.

"இன்னும் பாதிக் கிணறு கிடக்கு! பேரப்பிள்ளையளுக்கும் காணும்!" என்று கத்தினேன்.

"பாதி எண்டா ஒரு வருசமடி" என்றாய் நீ. "இவ்வளவு காலமும் குடிச்சதை வாற வருசம் ஒரே வருசத்தில குடிப்பம். பிறகு அடியில கிடக்கிற கடல்தான் மேல வரும்."

"ஏன், மழை பெய்யாதே?"

"மழை வருசாவருசம் இரட்டிக்காது. மோட்டர் இரட்டிக்குது."

தெருவே சிரித்தது. எல்லோரிலும் பெரிதாகச் சிரித்தவள் நான். அடுத்த கிழமையே டவுனிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்து என் வீட்டுக்கும் மோட்டர் பூட்டினேன். அதன்பிறகு நீ என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மாரி மழை தொடங்கும்போது நோயில் விழுந்தாய், மாரி முடியுமுன் போய்விட்டாய். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று பின்னேரம் உப்புத் தண்ணீர் பற்றிக் கோயில் மண்டபத்தில் கூட்டம். ஊர்த் தலைவர் எழும்பி, "பயப்பிடாதேங்கோ, பெரிய மோட்டரோட குழாய்க்கிணறு அடிக்கப் போறம். மூண்டு கிணத்துத் தண்ணி வரும்" என்றார். கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூண்டு கிணறு எண்டா ரெண்டு வருசம்!" என்று எழுந்து நின்று கத்தினேன். "இந்த வருசம் பாதிக் கிணறு குடிச்சம், இரட்டிச்சா முதல் வருசம் ஒரு கிணறு போகும், அடுத்த வருசம் மற்ற ரெண்டும் போகும். எண்ணிப் பாருங்கோவன்!"

ஒருவரும் எண்ணவில்லை. சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

வீட்டுக்கு வந்து என் மோட்டரைக் கழற்றினேன். ஒரு மோட்டரைக் கழற்றினால் கிணறு இனிக்காது என்று எனக்கும் தெரியும். ஆத்திரம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். முடிச்சுக் கயிறு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருகிற கொடியேற்றத்துக்கும் நான்தான் பிடிப்பேன். எத்தனை முடிச்சு நனைந்தாலும் இனி முடிச்சைச் சொல்லமாட்டேன். மிச்சமிருக்கும் வருசத்தைச் சொல்வேன்.