மீட்டிங் என்று படித்த சொல்

போடிநாயக்கனூர்

அன்பு மகளுக்கு,

மலாவியிலிருந்து நீ எழுதிய பதினான்கு கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். படிக்கத் தெரியாத உன் அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அதில் ஒரு தவறு செய்துவிட்டேன்.

நீ விடியலில் தண்ணீர் சுமப்பதையும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதையும் உள்ளபடியே படித்தேன். மிஷனை மட்டும் ‘ஆபீஸ்’ என்றும், ஜெபத்தை ‘மீட்டிங்’ என்றும் மாற்றினேன். நீ கிறிஸ்தவளானதை அவள் தாங்கமாட்டாள் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

நேற்று வந்த கடிதத்தில், காலை ஜெபத்தில் முட்டி போட்டு முட்டி காய்த்துவிட்டது என்று எழுதியிருந்தாய். வழக்கம்போல் ‘காலை மீட்டிங்கில்’ என்று படித்துவிட்டேன். ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, எந்த ஆபீஸ் மீட்டிங்குல முட்டி போடுறாக? எனக்கு எப்பவோ தெரியும். எம்புள்ள எழுதுனத அப்படியே படிங்க.”

சொந்தக்காரர்களுக்கு அஞ்சியது நான்தான், மகளே.

முதல் கடிதத்திலிருந்து மறுபடியும் படித்தேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘அம்மாவுக்கு என்மேல் கோபமா?’ என்று கேட்டிருந்தாய். அந்த வரியை அவளிடம் படித்ததே இல்லை. அதற்கு உனக்குப் பதிலும் எழுதியதில்லை. நேற்றுதான் படித்தேன்.

“அங்க வெளக்கெண்ண கெடைக்குமான்னு கேளுங்க. முட்டியில தடவணும்” என்றாள்.

வெட்கத்துடன்,
உன் அப்பா