ஓடுகிறதா என்று கேட்டீர்கள்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே மூவரும் நலம் என்று எழுதத் தொடங்கிப் பேனாவை நிறுத்திவிட்டேன். வீட்டில் இருப்பது நானும் வாண்டும்தான். மூன்றாவதாக யாரைச் சேர்த்தேன் என்று யோசித்தால், உங்கள் கம்ப்யூட்டரை! பத்து வருடப் பழக்கத்தில் கை தானாக அதையும் ஓர் ஆளாக எண்ணிவிடுகிறது. ஆகவே திருத்தி எழுதுகிறேன். இருவர் இருக்கிறோம். மூன்றாவது போய்விட்டது. போய் நாற்பது நாளாகிறது.

கோபப்படுவீர்கள் என்று தெரியும். இந்த நாற்பது நாளில் கப்பலிலிருந்து ஐந்து முறை போன் செய்தீர்கள். ஐந்து முறையும் முதல் கேள்வியாக "ஓடுதா?" என்றுதான் கேட்டீர்கள். நானும் "ஓடுது, ஓடுது" என்றேன். குடிநீர் அலுவலகத்தில் புகார் மேஜையில் உட்கார்ந்து, நாள் முழுக்க "ஆளை அனுப்பியாச்சுங்க, வந்துக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிப் பழகிய வாய். அதற்கு இதொன்றும் கஷ்டமாக இல்லை. போனில் நிஜத்தைச் சொல்லவும் வழியில்லை. போனைப் பிடித்துக்கொண்டு வாண்டு பக்கத்திலேயே இருப்பாள். மூன்றாவது நிமிடத்தில் லைன் கட்டாகிவிடும். அதனால்தான் கடிதம். உங்கள் கம்பெனி ஏஜென்ட் அடுத்த துறைமுகத்தில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். என்ஜின் ரூமில் நின்று படிக்காதீர்கள். உங்கள் கேபினுக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் கம்ப்யூட்டர் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதில் உங்களுக்கு மனம் நிற்காது.

முதலில் அது மத்தியான வேளையில் மட்டும் தானாக அணைந்தது. சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். வியர்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, கம்ப்யூட்டருக்குக் காற்று! பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் அணைந்தது. அலமாரிக் கதவின் உள்பக்கம் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். மெமரி கார்டைக் கழற்றி, அதன் பித்தளைப் பல்லை அழிரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். உள்ளே இருந்த விசிறி முனகியது, அதற்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். கடைசி வரியில் "அப்பவும் ஓடலைன்னா எனக்குச் சொல்லு" என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் செய்யவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அறையில் கருகல் நாற்றம். பட்டனை எத்தனை அழுத்தினாலும் உயிரில்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டு, ஒரு பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். செல்போன் கடைக்கு மேல் மாடியில் ரிப்பேர் செய்கிறாரே, அவரிடம். எதைச் சொன்னாலும் கேட்காமல் பாதியில் தலையாட்டுவாரே, அந்த மனிதர்தான். திறந்து பார்த்துவிட்டு, உள்ளே போர்டில் மேல்புறம் உப்பி, கசிந்து நின்ற சின்னச் சின்ன உருளைகளைக் காட்டினார். "அக்கா, இது நேத்து போகலை. ரெண்டு வருஷமா சாகக் கெடந்து இன்னிக்குத்தான் போயிருக்கு. அப்படி என்னதான் வேலை வாங்குனீங்க இதுகிட்ட?" என்றார்.

சொன்னேன். பெரிய பெரிய ஆராய்ச்சிக் கணக்குகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஊர் உலகத்தில் சும்மா கிடக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நெட் வழியாக அனுப்புவார்கள், ஒவ்வொன்றும் தன் துண்டைப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும், அப்படி லட்சம் வீடுகளில் ஒன்று எங்கள் வீடு, தசை நோய்க்கு மருந்து தேடுகிறார்கள், எங்கள் பெண்ணுக்கு அந்த நோய் இருக்கிறது என்று, நீங்கள் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். இந்த முறை அவர் பாதியில் தலையாட்டவில்லை. முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்போ வீட்டு ஆளுங்க யாரும் இதை உபயோகிக்கிறதே இல்லையா?" என்றார்.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். உங்கள் தாளில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டு அந்த ஆராய்ச்சிக்காரர்களின் வெப்சைட்டைத் திறந்தோம். அதில் இருந்ததை அவர்தான் படித்துச் சொன்னார்.

தசை நோய் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டார்கள். பதினான்கு மாதம் ஆகிறது. பார்த்த மருந்துகள் எதுவும் சரிப்படவில்லை, கணக்குப் போட்டுக் கொடுத்த எல்லோருக்கும் நன்றி என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அதே வாரம் யாரோ நம் அக்கவுன்ட்டுக்குள் வந்து, நம் கம்ப்யூட்டரை வேறொரு வேலைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். வானத்திலிருந்து வரும் ரேடியோ இரைச்சலை அலசுகிற வேலை. யாரோ என்ன, நீங்கள்தான். அது சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் நாங்கள் கேட்கமாட்டோம் என்று நினைத்தீர்கள்.

மாடிப்படி இறங்கும்போது கோபம் வந்தது. தெருமுனை வருவதற்குள் அது போய்விட்டது. செத்துப்போன கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று நான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முடிந்துபோன ஆராய்ச்சி நடக்கிறது என்று நீங்கள் எங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். யார் யாரைக் கோபித்துக்கொள்வது? அவளுக்கு நோய் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து, சட்டைகூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்து எதையோ ஏற்றினீர்கள். திரையில் கலர் மணிச்சரம்போல ஒன்று முறுக்கிக்கொண்டு சுற்றியது. "பாரு, ஆரம்பிச்சாச்சு" என்றீர்கள். அன்று உங்கள் முகத்தில் இருந்ததை நானும் பார்த்தவள்தானே.

வாண்டுவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் சொன்னேன். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

"மணிச்சரம் போய்க் கோடு கோடா வந்துச்சும்மா. அன்னிக்கே போன்ல அவங்க வெப்சைட்டுக்குப் போய்ப் படிச்சேன்" என்றாள். ஏன்டி எங்களிடம் சொல்லவில்லை என்றால், "அப்பாவுக்கு அது ஒண்ணுதானே இருக்கு, அதையும் பிடுங்கணுமா?" என்கிறாள். பதினேழு வயது ஆகிறது. உங்கள் மனதில் இன்னும் ஏழு வயதுக்காரி.

அதோடு விட்டாளா? இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினாள். அந்தச் சத்தத்தில் அவளால் படிக்க முடிந்ததில்லையாம். கோடைக்காலத்தில் அது விடும் வெக்கையில் முதுகெல்லாம் வேர்க்குரு, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுவாளே, அதற்கு அதுதான் காரணமாம். "எனக்காக ஓடுற கம்ப்யூட்டர்ல என்னால ஒரு பக்கம் டைப் அடிக்க முடியாதும்மா. எதைத் திறந்தாலும் அது மூச்சு முட்டி நிக்கும். மூடிட்டுப் பேசாம இருந்துடுவேன்" என்றாள். ரிப்பேர்க்காரர் கேட்டதற்கு அப்போதுதான் பதில் கிடைத்தது.

சரி, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பத்து வருடத்தில் இதை நான் அவளிடம் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பேசினால் எழுத்தாக்கித் தருகிற மாதிரி ஒரு லேப்டாப் போதும் என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பேனாவைச் சேர்த்துப் பிடிக்கவில்லை. பரீட்சை நெருங்குவதால் தனக்குள்ளேயே வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே இருக்கும் எனக்குத் தெரியவில்லை. காலையில் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, டப்பாவில் சாப்பாடு போட்டு வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். மாலையில் திரும்பி வந்து மறுபடி அதே வேலை. பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனால் பார்க்கவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது. உடம்புக் களைப்பு என்றால் தூங்கி எழுந்தால் போயிருக்கும்.

ரிப்பேர்க்காரரிடமே ஒரு பழைய லேப்டாப் வாங்கிவிட்டேன். அவரே வீட்டுக்கு வந்து எல்லாம் போட்டுக் கொடுத்தார். வாண்டு தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதுகிறது. முதல் நாள் அவள் "அம்மா, தண்ணி" என்று என்னைக் கூப்பிட்டதையும் பாடத்துக்கு நடுவில் எழுதி வைத்திருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். பழைய பெட்டியை அவரே எடுத்துக்கொண்டு போனார். வேண்டுமானால் ஒரு ஆணியை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கிண்டலாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

இன்னொன்று. சாயங்காலம் அவள் படித்து முடித்த பிறகு இரண்டு மணி நேரம் மட்டும் அந்த லேப்டாப் கணக்குப் போடுகிறது. வாண்டுவே தேடிச் சேர்த்திருக்கிறாள். குழந்தைகளுக்கு வரும் ஏதோ ரத்த நோயாம். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லையே என்றேன். "அந்த லட்சம் வீட்டுக்காரங்களுக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம் இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் ஆனதும் தானே நிறுத்திவிடுகிறாள். அதில் அவள் கறார்.

இனி எழுதப் போவதை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன்.

பெட்டி நின்ற வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து அறையில் அவள் கண்ணயர்ந்திருந்தாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. பத்து வருடமாக அந்த இரைச்சலுக்கு அடியில் இருந்த மூச்சு. சின்னச் சின்னதாக, அவசரம் அவசரமாக, மேல் மேலே எடுப்பதுபோல் இருந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டுக் கதவோரம் நின்று கேட்டேன். மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். குழாயில் ஊதச் சொன்னார்கள், மூன்று தரம். போன வருடத் தாளையும் இந்த வருடத் தாளையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வாண்டுவை வெளியே அனுப்பிவிட்டு, "அவங்க அப்பா எப்ப வர்றார்?" என்று என்னைக் கேட்டார். தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு மூச்சுக் கருவி எழுதிக் கொடுத்திருக்கிறார், மாட்டுகிறோம். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இனிமேல் உங்களுக்கு அப்படி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

நீங்கள் ஏன் ஒவ்வொரு முறையும் ஒப்பந்தத்தை நீட்டிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சம்பளத்துக்காக என்று ஊருக்குச் சொல்கிறேன். ஆனால் என்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்த உங்களால் இங்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. வீட்டுக்குள் உங்களுக்குப் பதிலாக ஏதோ ஒன்று வேலை செய்துகொண்டிருந்தால் போதும் என்றிருந்தீர்கள். அது இனி இல்லை. இங்கே ரிப்பேர் செய்ய எதுவும் இல்லை. அவள் எதிரில் உட்கார ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். உங்களிடம் நான் பெரிதாக எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொண்டு பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்போதும் காலையில் தலை வாரும்போது, சீப்பை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து வலப்பக்கத்தை அவளே வாரிக்கொள்கிறாள். என்னைத் தொடவிடுவதில்லை. வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களை எதிர்பார்த்திருக்கும்
வாண்டுவின் அம்மா