மதுசாரம் என்று சொல்லிவிட்டேன்

2008 மே 4, ஞாயிறு, மாத்தளை

தம்பி பாறூக் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். மஸீஹாவுக்கு இருபத்திரண்டு வயது, தடித்த கண்ணாடி. வந்த மூன்று சம்பந்தங்களும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டன. ஆக, மாப்பிள்ளை வீட்டாரின் பார்வை சரியாவதற்காக இவள் கண்ணுக்கு லேசர்.

"தாத்தா, நீங்கதான் கெம்பஸ் போன ஆள். எது நல்லதெண்டு பாத்துச் சொல்லுங்க."

அக்கா பல்கலைக்கழகம் போனவள் என்றால் எல்லாம் தெரியும் என்று அவன் நினைப்பு. நான் இரசாயனம் படிப்பிப்பவள். கண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

மே 9

மஸீஹாவைச் சோதித்த கொழும்புக் கண் டாக்டர் தந்த கட்டுரைகளை வாசித்தேன். மஸீஹாவின் கண் முன்படலம் மெல்லியது. வெட்டித் திறக்க முடியாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசர். நீக்க மூன்று வழி: மதுசாரத்தில், அதாவது அல்கஹோலில், இருபது விநாடி ஊறவைத்துத் துடைப்பது, சுழலும் பிரஷ்ஷால் தேய்ப்பது, லேசராலேயே கரைப்பது. மூன்று மாதம் போனால் பார்வையில் வித்தியாசம் இல்லையாம். வலியில்தான் சண்டை. ஒவ்வொருவரும் தன் வழியில்தான் வலி குறைவு என்று எழுதுகிறார். கண்ணின் சொந்தக்காரர்கள் யாரும் எழுதவில்லை.

மதுசாரம் நல்லதாகப் படுகிறது. டாக்டருக்கும் பழகிய வழி அதுதான்.

மே 11

சொன்னேன். பாறூக் எழுந்தே விட்டான்.

"அஸ்தஃபிருல்லாஹ்! புள்ளட கண்ணுல சாராயமா?"

"சாராயமில்லடா—"

"மதுசாரமெண்டு நீங்கதானே சொன்ன!"

மௌலவியிடம் ஓடினான். மருந்துக்கு ஆகும் என்றாராம். "அவருக்கு ஆகும். என்ட மனசுக்கு ஆகல." பிரஷ்தான் என்று முடிவு.

தன் கடையில் கை கீறினால் இவன் ஊற்றும் ஸ்பிரிட்டும் அதே சாமான்தான். ஸ்பிரிட் என்றே சொல்லியிருக்கலாம். சரியான சொல்லைச் சொல்ல எனக்கென்ன வந்தது? இனி விளக்கினால் ஸ்பிரிட்டையும் விட்டுவிடுவான்.

மே 24

கொழும்பு. வழியில் இரண்டு இடத்தில் இராணுவத்தினர் பஸ்ஸை விட்டு இறக்கிச் சோதித்தார்கள். இன்று வலக்கண் மட்டும்.

பிரஷ் பழுது. ஒரு மாதம் பொறுக்கலாம், இல்லையென்றால் மதுசாரம் என்றார் டாக்டர். பாறூக் லுஹர் தொழப் போயிருந்தான்.

"டாக்டர்ட கைக்குப் பழகின வழியாலயே செய்யட்டும், மாமி. கண் என்டதானே" என்றாள் மஸீஹா. கையெழுத்தையும் அவளே வைத்தாள். பிறகுதான், மெதுவாக: "வாப்பாக்கு நீங்க சொல்றீங்களா?"

நானா?

திரும்பி வந்தவனிடம், நல்லபடியாக முடிந்தது என்றேன். பொய்யில்லை.

மே 26

அழுகிறாள். கண்ணில் மிளகாய்த்தூள் போட்ட மாதிரி இருக்காம். நான்தானே தேடிப் பிடிச்சேன், நான்தானே! பிரஷ் என்றால் இப்படி வலிக்காதோ? கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் வலி: "குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை." யாருக்கு?

பாறூக் அறைக்கு வெளியே நின்றபடி: "பிரஷ்ஷுக்கே இந்தப் பாடெண்டா, சாராயம் போட்டிருந்தா?"

ஜூன் 22

தெருமுனையில் வரும் பஸ்ஸின் பலகையை வலக்கண்ணால் வாசிக்கிறாள். கலேவெல என்று ஊர்ப்பெயர். எனக்கு பஸ்ஸே மங்கல்.

ஜூன் 27, வெள்ளி

நாளை இடக்கண். பிரஷ் திருத்தியாயிற்று, எது வேண்டும் என்று டாக்டர் போனில் கேட்டார். பாறூக்கிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"தாத்தா, போனமுற செஞ்ச மாதிரியே செய்யச் சொல்லுங்க. ஒண்டையும் மாத்த வாணாம்."

மஸீஹா இருமிக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் சொன்னதை டாக்டரிடம் ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன்.