எழுத்துக்கு முன் தாலி

கலவான,
21-6-1982

அன்புள்ள மகள் பவளத்துக்கு அப்பா எழுதுவது, மாரியம்மன் புண்ணியத்தில் அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் போர்டிங்கில் கூட இருக்கும் பிள்ளைகளும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டபாடில்லை, எட்டாம் நம்பர் மலையில் மண் சரிந்து மூன்று நாளாகக் கொழுந்து எடுக்கவில்லை. உன் கடுதாசி வியாழக்கிழமை வந்தது. தோட்டத்து ஆபீஸ் இராஜசிங்கம் கிளாக்கர் ஐயாதான் வாசித்துக் காட்டினார், இதையும் நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். லயத்தில் யாரிடமும் கொடுக்கவில்லை, கொடுத்தால் உன் மாப்பிள்ளை தங்கவேலின் அப்பன் பழனியாண்டி இருக்கிற ருவான்வெல்லைக்கு அன்றைக்கே சேதி போய்விடும்.

அந்தக் கடுதாசியில் நீ, மாதக் கடைசியில் மில் வேலையை விடப்போகிறேன், தங்கவேலோடு எழுத்து வைத்து கலியாணத்தைப் பதிந்துவிட்டு, வேலையில் என் பேருக்குச் சேர்ந்த ஈ.பி.எப்., ஈ.டி.எப். இரண்டு சேமிப்புக் காசையும் எடுத்து அவர் கடைப் பங்குக்குக் கொடுக்கப்போகிறேன், தாலி ஆவணியில் என்று எழுதியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா அடுப்பில் வைத்ததை மறந்து தீய விடுகிறாள். நான் ஐயாவிடம் விவரம் கேட்டேன். ஈ.டி.எப். போன வருசம் வந்த சின்னக் காசு, வேலை மாறும்போது எடுக்கலாமாம். ஈ.பி.எப். பெரிய காசு, வயது போன பிறகுதான் கைக்கு வருமாம். ஆனால் கலியாணத்துக்காக வேலையை விடுகிற பொம்பளைப் பிள்ளைக்கு முன்கூட்டியே கொடுப்பார்களாம், அதற்கு எழுத்து வைத்த அத்தாட்சி போதுமாம். காசு கொடுக்கிற அரசாங்கக் கந்தோரில் எழுத்தைத்தான் கேட்பார்கள், தாலி ஏறியதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது எனக்கு நெஞ்சில் தைத்தது. ஐயாவும், "பெரியண்ணன், பெரிய காசைத் தொட வேண்டாம் எண்டு பிள்ளைக்குச் சொல்லும், போன வேலை திரும்பக் கிடைக்காது" என்றார்.

பழனியாண்டி தை மாதம் வந்தபோது உனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டான். மாசியில் வந்தபோது எந்த வருசம் மில்லில் சேர்ந்தாய் என்று கேட்டான். சித்திரையில் உன் ஈ.பி.எப். நம்பர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டான். நான் எழுதப் படிக்கத் தெரியாதவன், காதில் விழுந்ததை வைத்துத்தான் பிழைத்தேன், அதனால் எதுவும் மறப்பதில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை பெண்சாதி கருப்பாயியோடு பிஸ்கட் பாக்கட்டும் கையுமாக வந்தான். ஆடி பிறந்தால் தாலி கட்ட முடியாது, பவுன் விற்கிற விலையில் இப்போது தாலி செய்யவும் வழியில்லை, எழுத்தை மட்டும் முடித்துவிடுவோம், பிள்ளைக்குக் காசு வந்ததும் அதில் தாலி செய்து ஆவணியில் ஊரைக் கூட்டிக் கட்டுவோம் என்றான். உன் கழுத்துக்குத் தாலி உன் காசிலேயே. நான் கோபப்படவில்லை ஆத்தா. "பவுன் எதுக்குங்க சம்பந்தி, ஒரு துண்டு மஞ்சள முடிஞ்சு கட்டினாலும் எம் மகளுக்கு அது தாலிதான். ஆனி இன்னும் கெடக்கு, வர்ற ஞாயித்துக்கெழமை கோயில்ல கட்டட்டும், மறுநாளே எழுத்து வைப்போம்" என்றேன். கருப்பாயி சிரித்துக்கொண்டு, அண்ணன் எங்களைப் பஞ்சப் பரதேசி என்றே முடிவு பண்ணிவிட்டார் என்றாள். உங்க தங்கச்சி கழுத்தில் முதலில் ஏறியதும் மஞ்சள்தான், மூணு பிள்ளை பெத்த பிறகுதான் பொன்னைப் பார்த்தாள் என்று பழனியாண்டிக்கு உன் அம்மாவைக் காட்டினேன். அதற்கப்புறம் சிரிப்பில்லை. பழனியாண்டி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. அப்படியானால் எழுத்தையும் ஆவணிக்கே வைத்துக்கொள்ளலாம் என்றான். வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்து, "புள்ள மில்லுல வேலைய விடுற கடுதாசி குடுத்துட்டாளா?" என்று கேட்டான். தாலி வேண்டாம், எழுத்தும் அவசரமில்லை, அந்தக் கடுதாசி மட்டும் வேண்டும், வேலை போய்விட்டால் பிறகு அவர்கள் சொன்னபடி காசை எடுப்பதைத் தவிர உனக்கு வழியிருக்காது. ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான் காதில் கிடந்தது.

தங்கவேல் மேல் நான் குறை சொல்லவில்லை. அப்பன் பேச்சுக்கு அவன் என்ன செய்வான், அவனுக்கு இது தெரியாமலும் இருக்கலாம். உனக்கு அவனைப் பிடித்திருக்கிறது, கடுதாசியில் அவன் பெயர் எத்தனை இடத்தில் வந்தது என்று கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். அவசரச் செலவென்றால் முந்தி ஒரு கடுதாசியில் நீ சொன்ன புது மில்லுக்கு மாறு, மாறும்போது சின்னக் காசை எடுத்துக்கொள். பெரிய காசு, உன் கை ஓய்ந்த காலத்தில் நீ யார் வாசலிலும் போய் நிற்காமல் இருப்பதற்கு, அது அங்கேயே கிடக்கட்டும்.

வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். அம்மா வீட்டுக்குப் பின்னால் மஞ்சள் தோண்டிக் கழுவிக் காய வைத்திருக்கிறாள், அதில் ஒரு துண்டை வேட்டி மடியில் முடிந்துகொண்டு வருவேன். நீ வெள்ளிக்கிழமை போகிற கோயில் வாசலுக்குத் தங்கவேலை வரச் சொல். அவன் வந்து கட்டினால், மறுநாள் நீ எழுத்து வைத்து எந்தக் காசை எடுத்து அவன் கையில் கொடுத்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன், உன் காசு, உன் புருசன். அவன் வராவிட்டால், திங்கட்கிழமை காலையில் நீ மில் கேட்டுக்குள் போவதைப் பார்த்த பிறகுதான் ஊருக்குப் பஸ் ஏறுவேன்.

மாரியாத்தா உன் கூடவே நிற்பாள், நல்லா இரு ஆத்தா. அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். நான் வந்து சேரும்வரை யார் வந்து கேட்டாலும் மில்லில் கடுதாசி கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா பெரியண்ணன்
(இடது பெருவிரல் அடையாளம்)