இன்று காலை வானொலி உங்கள் பெயரை வாசித்தது

காக்கா,

வானொலியில் நம் பாட்டு இன்னும் முடியவில்லை. அதற்குள் பேனாவை எடுத்துவிட்டேன். நான் என் கையாலேயே எழுதிய தபாலட்டையை இன்று வாசித்துவிட்டார்கள்!

ஓட்டமாவடியிலிருந்து வந்து பனிச்சங்கேணித் துறையடியில் தேத்தண்ணிக் கடை போட்டீர்கள். உங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நாங்களும் உங்களைக் காக்கா என்றோம். அங்கே உங்களிடம் மட்டும்தான் வானொலிப்பெட்டி. அப்போது இருந்ததும் அரச வானொலி ஒன்றுதான். கடல் பொங்குமா, எந்தப் பாதை திறந்திருக்கிறது, யார் இறந்தார் எல்லாம் அது சொல்லித்தான் தெரியும். அதைக் கேட்ட பிறகே நாங்கள் தோணி தள்ளுவோம்.

பாட்டுக் கேட்டு வானொலிக்கு அட்டை போடுவது உங்கள் பைத்தியம். கேட்டவர்களின் பெயரை வாசித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். எழுதத் தெரியாத எங்களுக்கும் நீங்களே எழுதுவீர்கள்.

"ஒத்தப் பேரோட போற அட்டைய அவங்க தொடவே மாட்டாங்க தம்பி. ஒண்ட வீட்டில இன்னும் ஆர் இருக்கா?"

"ஆடுதான் காக்கா."

"பேர்?"

"ராணி."

அதையும் எழுதிவிட்டீர்கள். வானொலியும் என் பெயரோடு ராணியைச் சேர்த்து வாசித்தது. துறையே என்னைச் சூழ்ந்துகொண்டது. "கள்ளா, எப்படா கலியாணம் முடிச்சாய்? எந்த ஊர்ப் புள்ள?" நீங்கள் தேத்தண்ணி ஆற்றுவதை விட்டுவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

பிறகு, நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போயிருந்தபோது, ஒரு நாள் வானொலியின் மரண அறிவித்தலில் உங்கள் பெயர் வந்தது. பின்னேரமே அடக்கம் என்றார்கள். வலையை அப்படியே போட்டுவிட்டு ஓட்டமாவடிக்கு ஓடிவந்தேன். நேரத்துக்கு வந்துசேர்ந்தது அந்த அறிவித்தலால்தான். ஆனாலும் உங்கள் பெயர் வானொலியில் கடைசியாக வந்தது அதற்காகவா என்று மனம் ஆறவேயில்லை.

அந்தப் பெயரை இன்னொரு முறை வரவைக்கவே இந்த வயதில் எழுதப் பழக முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நான்கு அட்டைகள் பழுதாகின. ஐந்தாவதைப் பார்த்து மனைவி கத்தினாள்.

"செத்தவர்ர பேரயா போட்டிருக்கீங்க? சனம் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். அவர் இல்லாம நான் எப்ப பாட்டுக் கேட்டன்?"

அட்டையை அனுப்பிவிட்டு மூன்று கிழமை வானொலிப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். இன்று வாசித்தார்கள். முதலில் உங்கள் பெயர், அடுத்து என் பெயர். இரண்டு பேரும் விரும்பிக் கேட்கிறோமாம். வாசித்த அறிவிப்பாளர்ப் பெண்ணுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சிரிப்பாள் என்று பார்த்தால், என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இனி யாரும் கேட்டால் சொல்வேன்: வானொலியில் கடைசியாக உங்கள் பெயர் வந்தது, நீங்கள் பாட்டுக் கேட்டதற்காக.