சந்தனம் பூசிய பலகை

அண்ணா,

இன்று ஆயுத பூஜை. விடிந்ததிலிருந்து தெரு முழுக்கச் சந்தன வாசம். எதிர்வீட்டு லாரிக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாசம் வந்தால் மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், எனக்கு மட்டும் ஒரு மொட்டைமாடி ஞாபகம் வருகிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்குச் சந்தனத்தை அரைத்தவள் நான், பூசியவர் நீங்கள்.

ராசிபுரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ், நீங்கள் ஜீப் டிரைவர். எண்பதுகளின் நடுவில்தான் நம் மொட்டைமாடியில் வெயிலில் கரண்ட் எடுக்கும் அந்தச் சூரியப் பலகைகளை வைத்தார்கள். கீழே பேட்டரிகள், தடுப்பூசி மருந்து வைக்க ஒரு சின்னக் குளிர்பெட்டி. அதற்கு முன் நம் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. கரண்ட் வரும், வந்த சுவடு தெரியாமல் போகும். சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஐஸ் பாதி வழியிலேயே தண்ணீராகிவிடும். ஒரு புதன்கிழமை, மருந்து கெட்டுவிட்டது, அடுத்த வாரம் வா என்று ஒரு தறிக்காரப் பெண்ணைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரத்துக்குள் அவள் குழந்தையைத் தட்டம்மை கொண்டுபோய்விட்டது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நீங்கள் முன்பு லாரி ஓட்டியவர். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் மீட்டர் முள்ளைப் பார்ப்பதும் யாரும் சொல்லாமலே உங்கள் வேலையாயிற்று. "வண்டி நின்னாலாச்சும் தள்ளலாம் அம்மிணி. இது நின்னா என்னத்தத் தள்ளறது?" என்பீர்கள்.

பலகை வந்த வருஷப் பூஜைக்கு ஜீப்புக்குப் பட்டை போட்டீர்கள், ஊசிப் பெட்டிக்குப் பொட்டு வைத்தீர்கள். பிறகு அண்ணாந்து பார்த்து, "நம்மளக் காப்பாத்தறது மேல இருக்குது, அத உட்டுட்டமே" என்றீர்கள். ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு பலகைக்கும் குறுக்கே அகலமாய்ச் சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம், அதன்மேல் கனத்த சாமந்தி மாலை. கிண்ணத்தை நீட்டிக்கொண்டு கீழே நின்றவள் நான்தான். பூஜை போட்ட மாலையை நாமாக எடுக்கக் கூடாது, காய்ந்து தானாக விழவேண்டும் என்பது நம் பழக்கம். அப்படியே விட்டுவிட்டோம்.

நாலாம் நாள் முள் படுத்துவிட்டது. மறுநாள் குளிர்பெட்டி வெதுவெதுத்தது. மருந்தையெல்லாம் ஜீப்பில் அள்ளிப்போட்டுக்கொண்டு சேலத்துக்கு ஓடினீர்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள், பெட்டி நின்றுபோன செய்தி எட்டி, மேலதிகாரி ஒருவர் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போக ஆட்களோடு வந்துவிட்டார். "இதெல்லாம் இந்த மாதிரி ஊருக்குச் சரிப்படாது. பழையபடி ஐஸ் பெட்டியே போதும்" என்றார். அன்று புதன்கிழமை, ஊசி போடும் நாள். வராந்தா நிறையப் பெண்கள், மடியில் குழந்தைகள். எனக்கு அந்தத் தறிக்காரப் பெண்ணின் முகம் கண்முன் வந்து நின்றது.

நீங்கள் வந்தீர்கள், கேட்டீர்கள், ஏணியில் ஏறினீர்கள். மேலே போனதும் உங்களுக்கு விளங்கிவிட்டது. மாலைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஈரத்துணி கேட்டீர்கள். இறுகிப்போன சந்தனத்தை நீங்கள் தேய்க்கத் தேய்க்க, கீழே மீட்டரில் முள் மெல்ல எழுந்தது.

"ஏறுதுங்கண்ணா" என்றேன்.

"என்ன, தூசியா?" என்று அதிகாரி கேட்டார்.

ஆமாம் என்றிருந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

"தூசி இல்லீங்க. நாந்தான் சந்தனத்தப் பூசி வெயில மறைச்சுப்போட்டேன். தப்பு என்னோடதுங்க. பலகை மேல பழி போடாதீங்க."

"அப்போ உனக்கு மெமோவும் வரும், பலகையும் போகும்."

"மெமோவக் குடுங்க, வாங்கிக்கறேன். பலகை போவாதுங்க."

சொல்லிவிட்டு ஏணியை மேலே இழுத்துக்கொண்டீர்கள். பலகைகளுக்குப் பக்கத்தில் கொதிக்கிற தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். வராந்தாப் பெண்கள் எழுந்து வந்து சுவரோரமாய் நின்றார்கள். அப்போதுதான் எனக்கும் நாக்கு வந்தது. "எங்களுக்கு வேணும் சார், கழட்ட விடமாட்டோம்" என்றேன். வெயில் சாயும்வரை நின்று பார்த்த அதிகாரி கிளம்பிப்போனார். பலகையைக் கேட்டு மறுபடி யாரும் வரவில்லை. மெமோ மட்டும் தவறாமல் வந்தது.

அதைப் படித்துவிட்டு நாலாய் மடித்துக் குளிர்பெட்டியின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினீர்கள். "ஆடிக்கிட்டே இருந்துச்சு. இப்ப நின்னுருச்சு பாருங்க அம்மிணி." அந்தக் காகிதத்தால் உங்கள் பதவி உயர்வு தள்ளித் தள்ளிப் போனது. நீங்கள் எப்போதும்போல் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. கிராமத்து ஜனங்களுக்கு இந்தப் பலகையைக் காப்பாற்றத் தெரியாது என்று இன்றைக்கும் எவராவது சொன்னால் எழுந்து நின்று சண்டை பிடிக்கிறேன். தெரியாமல் செய்தோம். தெரிந்ததும் மாடியேறி உட்கார்ந்தவர் யார் என்று கேட்கிறேன்.

குளிர்பெட்டியைக் கழித்துக்கட்டிய அன்று, அதன் காலடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்துவிட்டேன். இப்போது என் வீட்டு மாடியிலும் பலகை இருக்கிறது. காலையில் சந்தனம் அரைத்து, அதன் இரும்புச் சட்டத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்தேன்.

மீதிச் சந்தனம் முழுக்க உங்கள் மெமோவுக்கு.